அட்டவணையில் இல்லாத கட்டம்

ஆண்டுக்கொரு முறை அட்டவணை வருகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒன்று போடுகிறது, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இன்னொன்று போடுகிறது. வயதுக்கு ஒரு கட்டம். பாலுக்கு ஒரு கட்டம். வண்டி என்ன, ஹெல்மெட் இருந்ததா, லைசென்ஸ் இருந்ததா என்று இன்னும் பல கட்டங்கள். மறுநாள் காலை தினசரிகள் தீர்ப்பு எழுதிவிடுகின்றன: சாலையில் குற்றவாளி இளைஞன், ஆண். அதற்குமேல் கேள்வி இல்லை. இளைஞன் என்றால் எந்தத் தெரு இளைஞன்? ஆண் என்றால் யார் வீட்டு ஆண்? அதற்கு அட்டவணையில் கட்டமே கிடையாது.

கட்டம் இல்லாவிட்டால் என்ன, பெயர் வைத்துவிட்டார்கள். 'புள்ளிங்கோ'. எங்க புள்ளைங்க என்று சேரியில் வாஞ்சையோடு சொல்கிற சொல். அதைப் பிடுங்கி வசவாக்கியாயிற்று. தலையில் கலர், பக்கவாட்டில் மழித்த முடி, கடன் வாங்கிய பைக். இந்த உடலைப் பார்த்தாலே குற்றம் என்று சினிமாவும் மீம்ஸும் போலீசும் ஒரே அகராதியை வைத்துக்கொண்டு பேசுகின்றன. அட்டவணை 'இளைஞன்' என்று நாகரிகமாகச் சொல்வதைத்தான் தெரு 'புள்ளிங்கோ' என்று பச்சையாகச் சொல்கிறது.

தோழர்களே, ஒன்றை நேராகச் சொல்லிவிட்டு மேலே போவோம். வேகம் கொல்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 66.5 சதவீதம் பேர் 18 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கும் மேல் ஆண்கள். அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம்; செத்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் ஹெல்மெட் இல்லாமல் செத்தவர்கள் மட்டும் 50,029 பேர். இந்தக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. செத்தவர்களில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் விடியற்காலையில் மூளை சிதறிக் கிடக்கிற உடலைப் பார்த்துவிட்டு 'எல்லாம் அதிகாரத்தின் கதையாடல்' என்று தத்துவம் பேசுகிறவன் நம் ஆள் இல்லை.

என் சண்டை இன்னொரு கணக்கோடு. செத்தவர் கணக்கைச் சாலை எழுதுகிறது. தண்டிக்கப்பட்டவர் கணக்கை போலீஸ் எழுதுகிறது. உடல் தானாக விழும். குற்றவாளியை யாராவது கைகாட்டி நிறுத்த வேண்டும். நிறுத்தப்படாதவனுக்கு வழக்கு இல்லை, வழக்கு இல்லாதவனுக்குத் தண்டனை இல்லை, தண்டனை இல்லாதவன் அட்டவணையில் இல்லை. ஆகவே தண்டனைக் கணக்கு என்பது யார் தப்பாக ஓட்டினார்கள் என்பதைவிட யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதன் கணக்கு. இரண்டையும் ஒரே அட்டவணைபோல் வாசிப்பதில்தான் மோசடி இருக்கிறது.

யார் நிறுத்தப்படுகிறார்கள்? தென்சென்னையின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கூவம் கரையிலும் அடையாற்றின் கரையிலும் இருந்த சேரிகளைப் பெயர்த்து 2000இலிருந்து கண்ணகி நகரில் கொட்டினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்தைச் சாக்காக வைத்துப் பெரும்பாக்கம். வேலை நகரத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. வேலை செய்கிற உடலை மட்டும் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள். மார்க்கெட்டுக்கு விடிகாலை மூன்று மணிக்குப் போக வேண்டியவன், கேட்டரிங் முடிந்து நள்ளிரவில் திரும்ப வேண்டியவன், சோறு டெலிவரி செய்கிறவன், இவர்களுக்கெல்லாம் பஸ் எந்த நேரத்தில் இருக்கிறது? பைக் வாங்காமல் பிழைக்க முடியாது என்று ஆக்கிவிட்டு, பைக்கில் வந்தால் 'டேய் ஓரங்கட்டு' என்கிறார்கள். எங்கள் பையன்களைக் கேளுங்கள். லைசென்ஸ் கேட்பதற்கு முன்னால் வருகிற கேள்வி, "எந்த ஏரியாடா?" கண்ணகி நகர் என்றோ பெரும்பாக்கம் போர்டு என்றோ சொன்ன மாத்திரத்தில் சாவி வண்டியிலிருந்து போலீஸ் கைக்குப் போய்விடுகிறது. அந்தக் கேள்வியில் சாதி என்ற சொல் இல்லை. சாதியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

நான் வங்கியில் எழுத்தர். கழுத்தில் அடையாள அட்டையும் பேன்டுக்குள் செருகிய சட்டையுமாகப் போனால் நான் 'சார்'. ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு அதே வண்டியில், அதே ஹெல்மெட்டோடு போனால் 'டேய்'. ஓட்டுகிறவன் ஒருவன், உரிமம் ஒன்று, வேகம்கூட ஒன்றுதான்.

இது நம் ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடி வாகன நிறுத்தங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இருட்டிய பிறகு நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பர்களின் விகிதம் குறைகிறது. ஓட்டுகிறவனின் தோல் தெரியாத நேரத்தில் குற்றமும் குறைந்துவிடுகிறது! அங்கே இதை நிரூபிக்க முடிந்தது, ஏன்? நிறுத்தப்பட்டவனின் இனம் பதிவில் இருந்தது. இங்கே சிறைக் கணக்கில் மட்டும் சாதி எழுதுகிறார்கள். நாட்டின் மக்கள்தொகையில் 16.6 சதவீதமாக இருக்கிற பட்டியல் சாதியினர் சிறைக்குள்ளே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் என்று அதனால்தான் தெரிகிறது. சிறைக்குப் போகிற பாதையில், அதாவது தெருமுனைச் சோதனையில், என்ன நடக்கிறது என்பதற்கு மட்டும் கணக்கில்லை.

"சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே?" என்பார்கள். ஒன்றுதான். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். புதிய அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லை என்றால் 100 ரூபாய் 1,000 ஆயிற்று. லைசென்ஸ் இல்லை என்றால் 500 ரூபாய் 5,000 ஆயிற்று. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஓ.எம்.ஆர். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனுக்கு 1,000 ரூபாய் என்பது ஒரு ராத்திரிச் சாப்பாடு. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு அது இரண்டு நாள் கூலி. பின்லாந்தில் 1921லிருந்தே ஒரு நாள் வருமானத்தை அளவுகோலாக வைத்து அபராதம் போடுகிறார்கள். வேகமாக ஓட்டிய பணக்காரன் லட்சக்கணக்கில் கட்டுகிறான். இங்கே சமத்துவம் என்பது ஏழையிடம் இரண்டு நாளையும் பணக்காரனிடம் ஐந்து நிமிடத்தையும் வாங்குவது.

லைசென்ஸ் இல்லாதவன் எப்படி உருவாகிறான் என்றும் பாருங்கள். வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய விதி இருந்தது. 2019இல்தான் எடுத்தார்கள். பள்ளிக்கூடம் துரத்திவிட்ட பையனுக்கு ஸ்டியரிங்கும் கிடையாது என்று ஆண்டுக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, அவன் ஓட்டினால் குற்றம் என்று எழுதினார்கள்.

இங்கே மாணவத் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டக் குற்றங்கள் பலவற்றை 200ஆம் பிரிவின்படி ஸ்பாட்டிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளலாம். அது தண்டனைத் தீர்ப்பு ஆகாது. ஆனால் தாறுமாறாக ஓட்டியதாக இந்திய தண்டனைச் சட்டம் 279இல் வழக்குப் போட்டால் (2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா 281) கதை வேறு. அதிகபட்ச அபராதம் வெறும் 1,000 ரூபாய்தான். கோர்ட் வராந்தாவில் வைத்துச் சொல்வார்கள்: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு தம்பி, இழுத்தடிக்கும்." கூலி போய்விடுமே என்று பையன் ஒத்துக்கொள்கிறான். அந்த நிமிடமே அவன் குற்றவாளி என்று தீர்ப்பான ஆள். நாளை காவலர் தேர்வு எழுதி, ஓடி, கயிறு ஏறி, எல்லாவற்றிலும் ஜெயித்து வந்தால் நன்னடத்தை விசாரணையில் அந்த 1,000 ரூபாய் எதிரே வந்து நிற்கும். காவலர் பணி விதியில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவனைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே பார்க்கிறார்கள் என்றால், ஒத்துக்கொண்டவன் கதி என்ன? காசுள்ளவன் வக்கீல் வைத்து வழக்கை உடைக்கிறான். நம் பையன் தன் வாழ்க்கையைத் தானே அட்டவணையில் எழுதிவிட்டு வருகிறான்.

இனி பெண் கட்டத்துக்கு வருவோம். அங்கே எண் சிறியது. 'பெண்கள் ஒழுங்காக ஓட்டுகிறார்கள்' என்று அதற்கு மகளிர் தினத்தில் பாராட்டு வேறு. ஓட்டுவதற்கு வண்டி இருந்தால்தானே தப்பாக ஓட்டுவதற்கு? சேரிப் பெண் ஓட்டுகிறவள் கணக்கில் இல்லை, நடக்கிறவள் கணக்கில் இருக்கிறாள். 2022இல் சாலையில் செத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் விடிகாலை வேலைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கிற பெண்களை நின்று பாருங்கள், அட்டவணை புரியும்.

சட்டம் அவளைக் குற்றவாளிக் கட்டத்துக்குள் கொண்டுவரவும் வழி செய்துவிட்டது. 2019 திருத்தத்தின் 199ஏ பிரிவு: சிறுவன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி. மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். 2018இல் அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு மானியம் கொடுத்தார்கள். உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? அதே 25,000. ஸ்கூட்டர் அம்மா பேரில் இருக்கிறது. பத்தாவது படிக்கிற மகன் எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போகிறான். ஒரு அரசு கொடுத்ததை இன்னொரு அரசு வாங்கிக்கொள்ள ஒரு சோதனை போதும். எங்கள் கவுன்ட்டரில் நகைக்கடன் படிவத்தில் 'குடும்பச் செலவு' என்று எழுதிவிட்டுத் தோட்டைக் கழற்றுகிற தாய்மார்களில் எத்தனை பேர் வண்டியை மீட்கக் கழற்றுகிறார்கள் என்பது எந்த அட்டவணையில் வரும்?

மகன் பெரிய இடத்துப் பிள்ளையாக இருந்தால் சிறுவன் என்பதன் அர்த்தமே மாறும். 2024 மே 19, புனே. 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு பொறியாளர்கள் செத்தார்கள். சில மணி நேரத்தில் பிணை. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகள் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும். நாடே காறித் துப்பிய பிறகுதான் அந்த உத்தரவு மாறிற்று. 2022 ஏப்ரலில் சென்னையில் பைக் சாகசம் செய்ததாகப் பிடிபட்ட ஓர் இளைஞனுக்கு உயர் நீதிமன்றம் வைத்த பிணை நிபந்தனை, அரசு பொது மருத்துவமனை விபத்துப் பிரிவில் ஒரு மாதம் வார்டு வேலை. அது நல்ல பாடம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாடம் ஏன் புனேக்குப் போகவில்லை என்றுதான் கேட்கிறேன். ஒருவனுக்குக் காயத்தைத் துடைக்கிற வேலை, இன்னொருவனுக்குக் கட்டுரைப் போட்டியா?

இங்கே, நம் பக்கத்திலேயே, 2024 ஜூன் 17 இரவு பெசன்ட் நகர் நடைபாதையில் படுத்திருந்த பெயின்டர் ஒருவர் மேல் ஆந்திர மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரின் மகள் ஓட்டிய பி.எம்.டபிள்யூ. கார் ஏறியது. அவர் செத்துப்போனார். ஓட்டியவர் காவல் நிலையப் பிணையிலேயே வெளியே வந்தார். '304ஏ பிணையில் விடத்தக்க பிரிவு, சட்டப்படிதான் விட்டோம்' என்பார்கள். சரி. அதே தென்சென்னையில் 2018 ஜனவரி 24 அன்று தரமணியில், சீட் பெல்ட் போடவில்லை என்று 21 வயது கால் டாக்சி ஓட்டுநரை நிறுத்தினார்கள். போலீஸ் அடித்தது, அசிங்கமாகத் திட்டியது என்று சொல்லி அவர் தன்மேல் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திக்கொண்டார்; பிழைக்கவில்லை. அதே ஆண்டு மார்ச் 7இல் திருச்சி துவாக்குடியில், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன பைக்கைத் துரத்தி இன்ஸ்பெக்டர் எட்டி உதைத்தார் என்பது வழக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து செத்தார். ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றத்தானே? சீட் பெல்ட் சட்டத்தில் மரணதண்டனை எந்தப் பிரிவில் இருக்கிறது?

சட்டப் புத்தகத்திலேயே இல்லாத மோட்டார் குற்றம் ஒன்றும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளைச் சாதி இந்துக்கள் வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டினார் என்பதுதான் காரணம் என்று குடும்பம் புகார் கொடுத்தது. நேற்று ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி நட என்றார்கள். இன்று ஓட்டுகிற கையையே எடுக்கப் பார்க்கிறார்கள். அங்கே அரிவாள், இங்கே சாவியைப் பிடுங்குகிற கை. இரண்டும் சமமில்லை. கேள்வி மட்டும் ஒன்று: உனக்கு எதுக்குடா வண்டி?

என்ன செய்வது? சலான் புத்தகத்தில் சாதியை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. போலீஸ்காரர் கையில் அப்படி ஒரு கட்டத்தைக் கொடுத்தால் அதுவே இன்னொரு லத்தியாகும். இடத்தை எழுது, நேரத்தை எழுது என்று கேட்போம். தாம்பரம் காவல் ஆணையரகம் 2022 ஜனவரியில் தொடங்கியது. எந்தெந்த இடத்தில் எத்தனை சோதனை, எந்த நிலையத்தில் எத்தனை 281, எத்தனை வண்டி பறிமுதல் என்று ஆண்டுவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பெரும்பாக்கம் கணக்கையும் ஓ.எம்.ஆர். பப் வாசல் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இல்லாத கட்டத்தை நாமே வரைவோம்.

281 என்றால் வக்கீல் இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உண்டு. தயவு இல்லை அது, உரிமை. கோர்ட்டில் கேட்டு வாங்குங்கள்.

தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பெசன்ட் நகர் கார்க்காரருக்கு இருக்கிற பிணை உனக்கு இல்லை என்று தெரிந்தும் ரேஸ் விடுவதை வீரம் என்று நான் எழுத மாட்டேன். ஹெல்மெட்டைப் போடு. போலீசுக்காக வேண்டாம். 50,029 பேரில் நீ இருக்கக் கூடாது என்பதற்காகப் போடு. செத்தவன் கணக்கில் உன்னை எழுத விடாதே. குற்றவாளிக் கணக்கில் எழுத வந்தால், எந்தப் பிரிவு என்று கேள்.