கிணறு இல்லாத ஊரின் பெட்ரோலியப் பொறியியல்

குரோம்பேட்டை, கிண்டி, தரமணி, பள்ளிக்கரணை என்று தாம்பரத்திலிருந்து அடையாறு வரை பரந்திருக்கும் தென்சென்னையில் எண்ணெய்க் கிணறு ஒன்றும் இல்லை; சுத்திகரிப்பு ஆலையும் இல்லை. ஆலை வடக்கே மணலியில் இருக்கிறது. கிணறுகள் காவிரிப் படுகையில், நரிமணம், புவனகிரி பக்கம் இருக்கின்றன. ஆனாலும் இந்தியப் பெட்ரோலியத் துறை கடலுக்குள் கால்வைத்த நாளிலிருந்து, ‘இது தாங்குமா?’ என்ற அதன் கேள்விக்கு விடை தேடிய ஆய்வுக்கூடங்களில் முக்கியமான சில இந்தப் பகுதியில்தான் உள்ளன. எண்ணெய்த் துறையின் சாதனைகள் பேரல் கணக்கிலும் டன் கணக்கிலும் பேசப்படுவதால், இந்தப் பொறியாளர் சமூகத்தின் பங்கு அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

தொடக்கம் வகுப்பறைகளில் நிகழ்ந்தது. 1944-ல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் கிண்டியில் ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. வேதிப் பொறியியல் அங்கே வேர்பிடித்தது. 1949-ல் சி. ராஜம் தம் வீட்டை விற்றுக் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியை (எம்.ஐ.டி.) நிறுவினார். விமானவியல், ஆட்டோமொபைல், மின்னணுவியல் ஆகியவற்றோடு அவர் தேர்ந்தெடுத்த நான்காவது பாடம் கருவியியல். நாட்டில் அதைக் கேள்விப்பட்டவர்களே குறைவாக இருந்த காலம் அது. சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெய் சுமார் 350 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கப்பட்டு வடிகோபுரத்துக்குள் செல்கிறது. நாப்தா, மண்ணெண்ணெய், டீசல் ஆகியவை வெவ்வேறு உயரத்தில் பிரிகின்றன. வெப்பமும் அழுத்தமும் ஓட்டமும் நொடிக்கு நொடி அளக்கப்படாவிட்டால் கோபுரம் வெறும் இரும்புக் குழாய்; அந்த அளவீடுதான் கருவியியல். 1965-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுடன் மணலியில் இயங்கத் தொடங்கியபோது, அதற்குத் தேவையான வேதிப் பொறியியல், கருவியியல் ஆகிய இரண்டு படிப்புகளும் அதே நகரத்தில் 20 ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தன.

அடுத்த கட்டம் கடல். 1974 பிப்ரவரியில் ‘சாகர் சாம்ராட்’ என்ற துளையிடும் மேடை மும்பைக் கடலில் துளையிட்ட இடத்தில் பாம்பே ஹை எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கியது. சுமார் 75 மீட்டர் ஆழத்தில், உருக்குக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்கும் வெல்டிங் செய்து நிறுத்தும் ‘ஜாக்கெட்’ மேடைகள்தான் அங்கே நிற்பவை. இவற்றின் எதிரி ஒரே ஒரு பெரும்புயல் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அன்றாட அலையும் அதே அளவுக்கு ஆபத்தானது. எட்டு நொடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால், மேடை ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் முறை தள்ளப்படுகிறது. 25 ஆண்டுகளில் 10 கோடி முறை. ஒவ்வொரு தள்ளலும் அற்பமானது. ஆனால் குழாயும் குழாயும் சேரும் வெல்டிங் மூட்டில் தகைவு குவிகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறந்து மெல்ல வளர்கிறது. இதைத்தான் உலோகக் களைப்பு என்கிறார்கள்.

இந்தக் களைப்பைக் காகிதத்தில் மட்டும் கணக்கிட்டுவிட முடியாது. உண்மையான மூட்டைச் செய்து, இயந்திரத்தில் பூட்டி, லட்சக்கணக்கான முறை இழுத்துத் தள்ளி, எப்போது விரிசல் விடுகிறது என்று காத்திருக்க வேண்டும். தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தின் களைப்பு ஆய்வுக்கூடம் கடல் மேடைகளின் குழாய் மூட்டுகளில் செய்தது இந்தப் பொறுமையான வேலையை. இரவும் பகலும் ஓடும் இத்தகைய சோதனை ஒன்றின் முடிவு, வரைபடத்தில் ஒரு புள்ளி. அப்படிப் பல புள்ளிகள் சேர்ந்தால்தான் ஒரு மேடையை இன்னும் எத்தனை ஆண்டு நம்பலாம் என்று சொல்ல முடியும். 1970-களிலும் 80-களிலும் நிறுவப்பட்ட மேடைகள் முதுமை அடைந்துவிட்ட இன்று, அந்தப் புள்ளிகளின் மதிப்பு அவை எடுக்கப்பட்ட காலத்தைவிடக் கூடியிருக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை மறுபக்கத்தைப் பார்த்தது: அலை என்ன செய்கிறது என்பதை. அங்குள்ள 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் பல திசை அலைகளை எழுப்பி, மேடைகளின் சிறு மாதிரிகளைச் சோதிக்கலாம். நூறில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக்கு, கடலில் 10 நொடியில் வரும் அலையை 1 நொடியில் வரவைக்க வேண்டும்; நீளம் நூறில் ஒன்றானால் நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கும் என்பது விதி. பெட்ரோலியப் பொறியியல் முதுநிலைப் படிப்பும் இதே துறையில் வளர்ந்தது பொருத்தமானது. அங்கிருந்த பேராசிரியர் எம். ரவீந்திரன் 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார்.

அந்தக் கழகம் இன்று இருப்பது வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில். இந்த இடப்பொருத்தம் தற்செயல்தான் என்றாலும் குறிப்பிடத்தக்கது. 1776-ல் இத்தாலியச் சதுப்புநிலக் குமிழிகளைச் சேகரித்துத்தான் வோல்டா மீத்தேனைக் கண்டறிந்தார். மட்கும் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது பிறக்கும் அதே மீத்தேன் வங்கக் கடலடியிலும் பிறக்கிறது. அங்குள்ள குளிரிலும் அழுத்தத்திலும் நீர் மூலக்கூறுகளின் கூண்டுக்குள் சிக்கிப் பனிக்கட்டிபோல் உறைகிறது. இதுவே வாயு ஹைட்ரேட். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் சுமார் 164 கன மீட்டர் வாயு கிடைக்கும்.

2006-ல் ‘ஜாய்டஸ் ரெசொல்யூஷன்’ கப்பலில் நடந்த தேசிய வாயு ஹைட்ரேட் திட்டத்தின் முதல் பயணம் 21 இடங்களில் 39 துளைகள் இட்டது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில் 128 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் இருந்தது. ஆனால் அது களிமண் பிளவுகளில் நிறைந்திருந்தது. களிமண்ணிலிருந்து வாயுவை வெளியேற்றுவது மிகக் கடினம். 2015-ல் ‘சிக்யூ’ கப்பலில் சென்ற இரண்டாம் பயணம் அதே படுகையில் மணற்பாங்கான ஹைட்ரேட் அடுக்குகளைக் கண்டது. அதுதான் உண்மையான நம்பிக்கை.

பள்ளிக்கரணைப் பொறியாளர்கள் இதற்கான கருவிகளை உருவாக்குவதில் இறங்கினார்கள். ரஷ்ய ஒத்துழைப்புடன் உருவான ‘ரோசப் 6000’ என்ற ஆளில்லா நீர்மூழ்கி 2010-ல் 5,289 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் கடலடியையும் சென்று பார்த்தது. 3,000 மீட்டர் ஆழக் கடலடியில் அமர்ந்து, தரைக்குள் 100 மீட்டர் வரை துளைத்து மண் மாதிரி எடுக்கும் கருவியும் ஓர் அமெரிக்க நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்டது.

வாயுவை எடுத்துக் காட்டுவதுதான் மிச்சம். அதுவே பெரிய மிச்சம். 2013-ல் ஜப்பான் நான்காய் கடற்பகுதியில் உலகின் முதல் கடல் ஹைட்ரேட் உற்பத்திச் சோதனையை நடத்தியது. ஆறு நாளில் சுமார் 1,20,000 கன மீட்டர் வாயு வந்தது. பிறகு கிணற்றுக்குள் மணல் புகுந்து சோதனை நின்றது. மணலைப் பிடித்துவைத்த பசை ஹைட்ரேட்தான்; அது உருகும்போது மணல் தளர்ந்துவிடுகிறது. இது ஒரு துறை மட்டும் தீர்க்கும் சிக்கல் அல்ல. மண்ணின் வலிமை, வாயு ஓட்டம், குழாய்களின் களைப்பு, அளவீடு எல்லாம் ஒரே கிணற்றில் சந்திக்கின்றன. இந்த நான்கிலும் தேர்ந்தவர்கள் ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் இருக்கும் தென்சென்னை போன்ற ஊர்கள் இந்தியாவில் அரிது. அவர்களை ஒரே திட்டத்தின்கீழ் நிரந்தரமாகச் சேர்ப்பது புதிய கட்டடம் எழுப்புவதைவிட அவசரமானது.

இன்னொரு கடமையும் உண்டு. 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நடந்த நெடுவாசல் போராட்டமும் 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டமும், ஹைட்ரோகார்பன் என்ற சொல்லுக்குத் தமிழகம் எவ்வளவு அஞ்சுகிறது என்று காட்டின. அந்த அச்சம் நியாயமானது. கடல் ஹைட்ரேட் குறித்து மீனவர்களுக்கும் அதே அச்சம் வரலாம். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்குவது. ஆகவே வங்கக் கடலில் உற்பத்திச் சோதனை நடக்குமானால், கடலடி எவ்வளவு தாழ்கிறது, நீரில் எவ்வளவு மீத்தேன் கசிகிறது என்பதைச் சோதனைக்கு முன்பும் சோதனையின்போதும் அதற்குப் பின்பும் அளந்து, கரையோர மக்கள் பார்க்கும்படி தமிழிலும் தெலுங்கிலும் வெளியிட வேண்டும். அதற்கான ஆழ்கடல் அளவீட்டுத் திறமை பள்ளிக்கரணையில் இருக்கிறது.