தோன்றா எழுவாய்

திருநெல்வேலித் தினசரிகளைத் திட்டுவதற்கு நம்மவர்களிடம் ஒரு வாய்பாடு தயாராக இருக்கிறது. சினிமா, ஜோசியம், கள்ளக்காதல், கட்சி. நான்கையும் ஒப்பித்துவிட்டால் விமர்சனம் முடிந்தது. பிறகு டீ சொல்லிவிட்டு எலியட்டுக்குப் போய்விடலாம். ஒரு சிறுகதையின் வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கிற சிரத்தையோடு ஒரு செய்தியின் வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தவர் எவரும், எனக்குத் தெரிந்து, இந்த வட்டத்தில் இல்லை. படிமம் பற்றி நாற்பது பக்கம் எழுதுகிறவர்கள், இந்த ஊர் தினமும் காலையில் படிக்கிற ஒரே உரைநடையைப் பற்றி நாலு வரி எழுதுவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். குப்பை என்று ஒரு வார்த்தை போதுமாம். குப்பைக்கும் இலக்கணம் உண்டு.

ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். கலெக்டர் ஆபீஸ் இருப்பது கொக்கிரகுளத்தில், தாமிரபரணிக் கரையில். திங்கள்தோறும் அங்கே மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா, முதியோர் பென்ஷன், குடிதண்ணீர், கந்துவட்டி, சோறு போடாத மகன், அடைத்துவிட்ட சுடுகாட்டுப் பாதை என்று மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்கிறார்கள். நிருபர்களும் வந்துவிடுகிறார்கள், பக்கம் நிறையும். மறுநாள் மாவட்டப் பக்கத்தில், இன்ன ஊர்ப் பொதுமக்கள் காலிக்குடங்களுடன் வந்து மனுக் கொடுத்தனர் என்று ஒரு படம். மனுவில் கூறியிருப்பதாவது என்று ஒரு பத்தி. அடியில், இத்தனை மனுக்கள் பெறப்பட்டன, உரிய நடவடிக்கை எடுக்குமாறு துறை அலுவலர்கள் அறிவுறுத்தப்பட்டனர் என்று இரண்டு வரி. அதற்கும் அடியில் கூட்டத்தில் கலந்துகொண்ட அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல். செய்தி தீர்ந்தது.

மனுக் கொடுத்தவன் விஷயத்தில் இதுதான் ஆரம்பம். பத்திரிகைக்கு இது முடிவு. ‘கொடுத்தனர்’ என்ற வினைமுற்றோடு அந்த மனிதன் அச்சிலிருந்து இறங்கிப் போய்விடுகிறான். அவன் கொடுத்ததை வாங்கியவர் யார், அது எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனது, எந்த மேசையில் படுத்துக்கொண்டது என்பது அடுத்த செவ்வாய்க்கிழமை வராது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் வராது. அடுத்த வாரம் வேறு ஊர், வேறு குடங்கள்.

இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ‘வந்தாய்’ என்றால் ‘நீ’ என்று எழுத வேண்டியதில்லை. வினையின் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ் வினையின் அழகு அது. நம் தினசரிகள் இந்த அழகைத் தலைகீழாக்கியிருக்கின்றன. ‘பெறப்பட்டன’, ‘அறிவுறுத்தப்பட்டனர்’, ‘நடவடிக்கை எடுக்கப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது’. விகுதியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போனாலும் ஆள் கிடைப்பதில்லை. செய்தி மக்கள் தொடர்புத் துறையிலிருந்து வருகிற வெளியீடு இந்தத் தமிழில்தான் இருக்கும். அதில் வியப்பில்லை, அரசாங்கம் தன்னைக் காத்துக்கொள்ளும் பாஷை அது. அதை வாட்ஸப்பில் வாங்கி, ஒரு கமாவைக்கூடத் தொந்தரவு செய்யாமல், ‘நமது நிருபர்’ என்று தலையில் போட்டு அச்சிடும்போதுதான் விவகாரம் ஆரம்பமாகிறது. ஸ்தாபனத்தின் வாக்கியம் ஊரின் வாக்கியமாக மாறுகிற இடம் அது.

எழுவாயே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. யார் யாருக்கு எந்தப் பயனிலை என்பதில் ஒரு கறாரான ஒழுங்கு இருக்கிறது. அதிகாரியும் மந்திரியும் எழுவாயாக வருவார்கள்: தலைமை தாங்கினார், கொடியசைத்துத் தொடங்கி வைத்தார், நேரில் ஆய்வு செய்தார், குத்துவிளக்கேற்றினார். தோற்கவே முடியாத வினைகள். குத்துவிளக்கேற்றுவதில் ஒருவர் தவறிவிட்டார் என்று எந்தப் பத்திரிகையும் எழுத வேண்டி வராது. ஏழைக்கும் எழுவாய்ப் பதவி உண்டு: வெட்டினான், திருடினான், தப்பியோடினான், தூக்கில் தொங்கினான். அவனுக்கு அப்பா பெயர், தெருப் பெயர், வயது, போலீசார் பின்னால் நிற்கும் படம் எல்லாம் உண்டு. கோர்ட்டில் ருசுவாவதற்குப் பல வருஷம் முன்னாலேயே அச்சில் அவன் செய்தவன். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் பெயரே இல்லை. பிரசவத்தில் பெண் செத்துப்போனால் அது ‘தனியார் மருத்துவமனை’. லிஃப்டில் சிக்கிப் பையன் செத்தால் ‘பிரபல ஜவுளிக்கடை’. அதே கடையின் ஆடித் தள்ளுபடி முதல் பக்கத்தில் ஆளுயரத்துக்கு விரிந்திருக்கும், முழுப்பெயருடனும் கிளைகளின் முகவரியுடனும்.

நீயும்தான் இங்கே எந்தக் கடையின் பெயரையும் சொல்லவில்லை என்று ஒருவர் கடிதம் எழுதுவார். எழுதட்டும். இந்தப் பத்திரிகை சில நூறு பிரதி அடிக்கிறது, வக்கீல் கிடையாது. தினசரிக்குப் பிரதியும் உண்டு, வக்கீலும் உண்டு.

நான் வங்கிக் குமாஸ்தா. தொழில் ரீதியாக எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நெல்லைப் பதிப்புகளில் வரும் மிகத் துல்லியமான உரைநடை எது என்று கேட்டால், வங்கிகள் காசு கொடுத்துப் போடுகிற சுவாதீன அறிவிப்பு என்பேன். 2002ஆம் வருஷத்துச் சட்டப்படி, கடன் கட்டாதவரின் சொத்தை வங்கி கைப்பற்றினால் அதை இரண்டு பத்திரிகைகளில் அறிவிக்க வேண்டும். அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகை. கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன் போட்டவர் பெயர், கதவு எண், சர்வே எண், கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தத் தெரு, பாக்கி எவ்வளவு, எந்தத் தேதி வரைக்கும். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதில் ஒரு மயிரிழைச் சந்தேகம் கிடையாது. ஆக, தமிழுக்கு அந்தச் சக்தி இல்லை என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். ஒரு சின்ன வீட்டுக்காரனை நாலு எல்லையோடு பிடித்து நிறுத்தத் தெரிந்த அதே அச்சு இயந்திரம்தான், மறு பக்கத்தில் ஒரு தாசில்தாரைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது.

இது ஆதியிலேயே இப்படி இருந்ததில்லை. 1933இல் மணிக்கொடியை ஆரம்பித்த மூவரில் ஒருவர் தென்காசிக்காரரான டி. எஸ். சொக்கலிங்கம், மறு வருஷம் தினமணி தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியரும் அவரே. புதுமைப்பித்தன் தினமணியின் மேசையில் உட்கார்ந்து தந்திச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தவர். சொக்கலிங்கம் வெளியேறித் தினசரியைத் தொடங்கியபோது கூடவே போனவர். தினசரியின் வாக்கியமும் இலக்கியத்தின் வாக்கியமும் ஒரே மேசையில், ஒரே மையில் எழுதப்பட்ட சில வருஷங்கள் தமிழில் இருந்தன. 1942இல் மதுரையில் தந்தியைத் தொடங்கிய ஆதித்தனாரைப் பற்றி நமக்கு ஆயிரம் அபிப்பிராயம் இருக்கலாம். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்டுப் புரிந்துகொள்ளும்படியான சின்ன வாக்கியத்தை அவர் தேடினார். சின்ன வாக்கியத்தில் எழுவாயை ஒளித்துவைக்க இடம் கிடையாது. தினமலரின் கதை இன்னும் வேடிக்கை. 1951இல் திருவனந்தபுரத்தில் அது பிறந்ததே ஒரு கோரிக்கைக்காக, திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்பதற்காக. 1956 நவம்பரில் கன்னியாகுமரி சேர்ந்தது. 1957இல் பத்திரிகை திருநெல்வேலிக்குக் குடிவந்தது. ஒரு கோரிக்கையை ஐந்து வருஷம் விடாமல் துரத்துவது ஒரு தினசரியால் ஆகிற காரியம் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. இன்று கோரிக்கை என்பது ஐந்து சென்டிமீட்டர்.

கொக்கிரகுளத்துக்குத் திரும்புவோம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரு ஊர்வலம் வந்தது. அவர்களும் மனுக் கொடுக்கத்தான் வந்தார்கள், இதே கலெக்டர் ஆபீஸுக்கு. போலீஸ் தடியால் அடித்தது. அடிக்குத் தப்ப ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் சேர்த்தி. ஆர். ஆர். சீனிவாசன் அதைப் படமாக்கி ‘ஒரு நதியின் மரணம்’ என்று பெயர் வைத்தார். தினசரிகளின் பாஷையில் அது காலப்போக்கில் ‘தாமிரபரணி சம்பவம்’ ஆகிவிட்டது. வருஷா வருஷம் ஜூலையில் ‘நினைவு தினத்தையொட்டி பலத்த போலீஸ் பாதுகாப்பு’ என்று செய்தி வரும். சம்பவம் என்பது நம் பத்திரிகைத் தமிழின் மகத்தான பெயர்ச்சொல். எந்த வினையையும் அதற்குள் போட்டு மூடிவிடலாம். அடித்தவன், ஓடியவன், மூழ்கியவன், பார்த்துக்கொண்டு நின்றவன் எல்லாரும் உள்ளே. வெளியே ஆற்றின் பெயர் மட்டும்.

பதினெட்டு வருஷம் கழித்து, 2017 அக்டோபர் 23. திங்கட்கிழமை. தென்காசிப் பக்கத்திலிருந்து (அப்போது அதுவும் இதே மாவட்டம்) ஒரு கூலித்தொழிலாளி, மனைவியோடும் இரண்டு சின்னப் பெண்களோடும் வந்து அதே வளாகத்தில் தீக்குளித்தார். நாலு பேரும் செத்தார்கள். கந்துவட்டி. அதைத் தடுக்க 2003இலேயே சட்டம் இருக்கிறது. அவர் அதற்கு முன் பலமுறை மனுக் கொடுத்திருந்தார். அதாவது, செவ்வாய்க்கிழமைப் பத்திரிகைகளின் ‘பெறப்பட்டன’ என்ற பன்மைக்குள் அவருடைய காகிதமும் ஒன்றாகக் கிடந்தது. தீ பிடித்த பிறகு எல்லாப் பத்திரிகையும் கேட்டது: அத்தனை மனுக்களும் என்ன ஆயின? நல்ல கேள்வி. நெருப்பு இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பம்மாத்து. கேட்பதற்கு அந்த உரைநடையில் வாக்கியமே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

வாக்கியத்தில் செய்ய முடியாததைக் கோட்டில் செய்தவர் கார்ட்டூனிஸ்ட் பாலா. எரிகிற குழந்தைக்கு முன்னால் முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் அதிகாரி, மூவரும் நிர்வாணமாக, ரூபாய் நோட்டால் மறைத்துக்கொண்டு. அந்தக் கார்ட்டூன் ரசனைக்கு உகந்ததா என்று நம் ஆட்களில் சிலர் அப்போது முகம் சுளித்தார்கள். கவனிக்க வேண்டியது வேறு: அதில் எழுவாய் இருந்தது. ஒன்றல்ல, மூன்று. கலெக்டரின் புகாரில் 2017 நவம்பர் 5 அன்று சென்னையில் அவரைக் கைது செய்து திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. வாரந்தோறும் மனுச் செய்தி போட்டவர்களில் யாரும் அதற்காகக் கைதானதில்லை. இலக்கணத்துக்கும் அதிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற கவிஞர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும் என்று நினைக்கிறேன்.

நிருபர்கள் மேல் பழி போட்டுவிட்டுப் போய்விடலாம், சுலபம். தாலுகாவில் இருக்கிற பகுதி நேர நிருபருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பெயருக்கு ஒரு தொகை, அல்லது வெளியான செய்திக்கு இவ்வளவு. மிச்சத்தை அவர் விளம்பரக் கமிஷனில் தேற்றிக்கொள்ள வேண்டும். பொங்கல் மலருக்கும் தீபாவளி மலருக்கும் அவர் போய் நிற்பது அதே ‘தனியார் மருத்துவமனை’யின் வரவேற்பறையில். மஜீதியா குழு சிபாரிசு செய்த சம்பளம் 2011இல் அறிவிக்கையாக வந்தது; முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்; 2014இல் சுப்ரீம் கோர்ட் செல்லும் என்றது. அது அம்பாசமுத்திரத்துப் பகுதி நேர நிருபரின் பாக்கெட் வரைக்கும் வந்து சேரவில்லை. கையில் மைக்கும் செல்போனும் வைத்துக்கொண்டு யூட்யூப் சேனல் நடத்துகிறவர்கள் இதையெல்லாம் மாற்றிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் பார்த்தவரையில் அவர்கள் அதே செயப்பாட்டு வினையை இன்னும் உரத்த குரலில் சொல்கிறார்கள், நடுவில் ‘பரபரப்பு’ சேர்த்து.

ஆகவே யாராவது செய்யட்டும் என்று இராமல், இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஊர்களில் ஒன்றுக்குப் போய் மனுக் கொடுத்தவரைப் பாருங்கள். அவரிடம் மனு எண் இருக்கும். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அந்த எண் இன்று எந்த மேசையில் இருக்கிறது, அந்த மேசையில் உட்காருகிறவர் யார் என்று எழுதிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். 2023இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கதவையும் பாதி சாத்தியிருக்கிறது. தனிப்பட்ட தகவல் என்று சொல்லிப் பெயரை மறுக்க இப்போது முன்னைவிட இடம் உண்டு. மறுத்தால் மறுப்பையும் அனுப்புங்கள். வருகிற இதழில் நாலு பக்கம் அதற்கு ஒதுக்கும்படி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்; இரண்டு கவிதையை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்றார். நிறுத்திவைக்கட்டும். அவற்றில் ஒன்று என்னுடையது.