பணிவிடை என்னும் மருந்து

வீட்டில் ஒருவர் நோயுற்றால், பார்க்க வருவோர் முதலில் கேட்பது, "எந்த டாக்டர் பார்க்கிறார்?" என்பது. அடுத்த கேள்வி, "என்ன மருந்து?" என்பது. "அருகிலிருந்து கவனிப்பது யார்?" என்று கேட்போர் அரியர். திருவள்ளுவரோ மருத்துவத்துக்கு நான்கு அங்கங்கள் வகுத்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிலிருந்து பேணுபவன். அந்த நான்காமவனை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நாலு நாள் ஜுரத்தில் இந்த மறதியால் பெருங்கேடு விளையாது. பாரிசவாயு, நீரிழிவு, முற்றிய புற்றுநோய் முதலிய நீடித்த வியாதிகளின் விஷயம் வேறு. மருந்து அவற்றை அடக்கி வைக்கலாம். அடியோடு போக்குவது அரிது. எஞ்சிய நாட்கள் வாழ்வாக இருக்குமா, வெறும் வேதனையாக இருக்குமா என்பதைப் பெரும்பாலும் பணிவிடையே நிர்ணயிக்கிறது.

இது மிகையன்று. அசைய இயலாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிடில், எலும்பு அழுந்தும் இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் உண்டாகிறது. விழுங்கும் சக்தி குன்றியவருக்குப் படுத்தபடியே கஞ்சி புகட்டினால், அது மூச்சுக் குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். நீரிழிவுக்காரரின் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் முள் தைத்ததும் தெரியாது. இரவு தோறும் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்த்து வந்தால், ஒரு காலையே காப்பாற்றிவிடலாம்.

உடம்பைப் பேணினால் மட்டும் போதாது. நோயாளி எதிரிலேயே, அவர் அங்கு இல்லாதது போல் அவரைப் பற்றிப் பேசுவது பல வீடுகளில் வழக்கம். இடக்கையால் டம்ளரைப் பிடிக்க வல்லவருக்கும் அவசரத்தால் நாமே ஊட்டிவிடுகிறோம். தம்மால் இயன்றதைத் தாமே செய்யும் திருப்தியை அவரிடமிருந்து பறிப்பதும் ஒரு கொடுமையே.

மகாத்மா காந்தி இதை நன்கு அறிந்திருந்தார். 1939-ல், தொழுநோயுற்ற சம்ஸ்கிருத பண்டிதர் பர்ச்சூரே சாஸ்திரி சேவாக்கிராமத்துக்கு அடைக்கலம் தேடி வந்தார். அந்நோயைத் தீர்க்க வல்ல மருந்து அன்று இல்லை. காந்தியடிகள் தம் கையாலேயே அவர் புண்களைக் கழுவினார், உடம்பைப் பிடித்துவிட்டார். ஊர் விலக்கிய மனிதருக்கு அந்தத் தொடுகை அளித்த ஆறுதலை எந்தத் தைலம் அளித்திருக்கும்?

மகான்களால் மட்டுமே முடியும் காரியமன்று இது. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர இயலாவிடில், நர்ஸ் அவர் வீட்டுக்குச் செல்வார். அக்கம்பக்கத்துத் தொண்டர்களும் உடன் செல்வர். புண்ணைக் கழுவிக் கட்டுவதுடன், அதை எப்படிச் செய்வதென்று வீட்டாருக்கும் கற்பிப்பார். இம்முறை கேரளமெங்கும் பரவிற்று. 2008-ல் கேரள அரசாங்கம் இதற்கெனவே ஒரு கொள்கை வகுத்தது.

இதில் நமக்குள்ள பாடம், பணிவிடை கற்று வரும் வித்தை என்பதே. "பெண்களுக்கு அது இயற்கை" என்று சொல்லி, ஆண்கள் டாக்டர் பீஸைக் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததாக எண்ணுகிறார்கள். மனைவியோ மருமகளோ இரவு பகல் ஒற்றையாளாய் உழல்கிறாள். களைத்த கை மென்மையாக இராது. அதன் பலனை அனுபவிப்பவர் நோயாளிதான். பள்ளிக்கூடத்தில் முக்கோணத்தின் பரப்பைக் கணக்கிடப் பழக்குகிறோம். படுத்திருப்பவரை வலியின்றிப் புரட்டவும், அவர் துணியை மாற்றவும் பிள்ளைகளுக்கு, முக்கியமாக ஆண்பிள்ளைகளுக்கு, ஏன் பழக்கலாகாது?

நெடுநாள் நோயாளி உள்ள வீட்டார், ஒரு நாளின் பணிவிடைகளை எல்லாம் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்பவர் பெயரைக் குறித்துப் பார்க்கட்டும். வரிக்கு வரி ஒரே பெயர் வருமானால், அவ்வீட்டில் கவனிக்கப்பட வேண்டியவர் ஒருவர் அல்லர், இருவர் என்று அறிக.