கைக்கு வருவது எவ்வளவு?

ஜீவனாம்ச வழக்கு நடக்கும் எந்தக் குடும்ப நீதி மன்றத்துக்கும் ஒரு நாள் காலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். "எனக்குக் கைக்கு வருவது அவ்வளவுதான், ஐயா" என்ற ஒரே பேச்சைப் பல குரல்களில் கேட்கலாம். பள்ளி ஆசிரியர் சொல்வார். லாரி வைத்திருப்பவர் சொல்வார். வட்டிக்குக் கொடுத்து வாங்குகிறவரும் கூசாமல் சொல்வார். எதிரே, பிள்ளையின் பள்ளிக் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக் கொண்டு தாய் நிற்பாள்.

கைக்கு வருவது என்றால் என்ன? எதையெல்லாம் கழித்த பிறகு வருவது? கழித்தது யார்? இவற்றுக்குத் தெளிவான விடை நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் எழுதப்படவில்லை. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளையர் காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், மனைவி மக்களுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிடக் கூடிய தொகைக்கு உச்ச வரம்பு கட்டியிருந்தது. 1955 இல் அந்த வரம்பு மாதம் 500 ரூபாய் ஆயிற்று. 1973 இல் புதுச் சட்டம் வந்தது, 125 ஆவது பிரிவு வந்தது. அந்த 500 மட்டும் அசையவில்லை. மத்தியச் சட்டத்திலிருந்து அதை நீக்க 2001 ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது! அரிசி விலையும் வீட்டு வாடகையும் இத்தனை காலம் சும்மா இருந்தனவா?

வரம்பு இருந்த வரையில் தகப்பனுடைய வருமானத்தைத் துருவிப் பார்க்கும் தேவை அதிகமில்லை. அது போன பிறகுதான் சண்டை முழுவதும் வருமானக் கணக்கின் மேல் திரும்பியது. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144 ஆவது பிரிவாகி இருக்கிறது. (பெயரை ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வாய்தா வந்துவிடும்.) போதிய வசதி உள்ளவன் தன் பிள்ளையைப் புறக்கணித்தால் மாதாமாதம் பணம் கொடுக்க உத்தரவிடலாம் என்பதுதான் அன்றும் இன்றும் சாரம். வசதியை எந்தப் படியால் அளப்பது என்று ஒரு வரி கூட இல்லை.

நீதி மன்றங்கள் தாமாகவே சில படிகளைச் செய்து கொண்டன. 2017 இல் உச்ச நீதி மன்றம், கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவிகிதம் மனைவிக்கு நியாயமான தொகை என்றது. அது எல்லா வழக்குக்கும் பொருந்தும் இரும்பு விதியல்ல. 2004 இல் டில்லி உயர் நீதி மன்றம் வேறொரு வழி காட்டியது: குடும்ப வருமானத்தை ஒரு பணியாரம் போல எடுத்துக் கொண்டு, சம்பாதிக்கிறவனுக்கு இரண்டு பங்கு, மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கு போடுவது சுலபம். பணியாரம் எவ்வளவு பெரிது என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊழியருக்கு மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். வரி, கட்டாய வைப்பு நிதி போன்ற சட்டப்படியான பிடித்தம் 6,000. மிச்சம் 54,000. இதிலிருந்து சொசைட்டிக் கடனுக்கு 14,000, வண்டிக் கடனுக்கு 5,000, இன்ஷூரன்சுக்கு 8,000, விரும்பிச் செலுத்தும் கூடுதல் வைப்பு நிதிக்கு 9,000 போகிறது. சம்பளச் சீட்டின் அடியில் நிற்பது 18,000. மனைவிக்கு வருமானம் இல்லை, பிள்ளை ஒன்று என்றால் மொத்தம் நான்கு பங்கு. பதினெட்டாயிரத்தைப் பங்கிட்டால் பிள்ளைக்கு 4,500. ஐம்பத்து நாலாயிரத்தைப் பங்கிட்டால் 13,500. வித்தியாசம் மாதம் 9,000, ஆண்டுக்கு 1,08,000 ரூபாய். பிள்ளையின் படிப்பையே மாற்றிவிடக் கூடிய தொகை இது! வைப்பு நிதியில் போட்டது எங்கும் போய்விடவில்லை, அவர் பெயரில்தான் வளருகிறது. வண்டியும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

ஆகவேதான், சட்டம் கட்டாயப்படுத்தும் பிடித்தத்தை மட்டும் கழிக்கலாம், தானாக விரும்பி ஏற்ற கடனையும் சேமிப்பையும் காட்டிப் பொறுப்பைக் குறைக்க முடியாது என்று பல தீர்ப்புகள் வந்திருக்கின்றன. சரியான வழி. ஆனால் தீர்ப்புகளைத் தேடிக் காட்ட வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும்.

சம்பளக்காரன் கதை இவ்வளவு என்றால், சம்பளச் சீட்டே இல்லாதவர் கதை இன்னும் வேடிக்கை. வருமான வரிக் கணக்கைக் கொண்டு வந்து நீட்டுவார்கள். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. பத்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவரும் அந்தத் தாளில் ஏழையாகத் தெரியலாம். வியாபாரியின் லாரிக்குத் தேய்மானம் எழுதுகிறார்கள்; அந்த மாதம் அவர் பையிலிருந்து அதற்காக ஒரு காசும் போகவில்லை. வரிக்காக எழுதிய கணக்கு வரி அதிகாரிக்குப் போதுமானதாக இருக்கட்டும். பிள்ளையின் சாப்பாட்டுக்கு அதையே முடிவான சாட்சியாக ஏற்பானேன்? வாடகை, வட்டி, கம்பெனி கொடுக்கும் வீடு, கார் எல்லாம் கணக்கில் வர வேண்டும். தொழில் மூடிவிட்டது என்ற பேச்சையும் 2022 இல் உச்ச நீதி மன்றம் ஏற்கவில்லை. உடல் வலுவுள்ளவன் உழைத்தாவது மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும் என்றது.

தகப்பன் பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. பிள்ளை குடியிருக்கும் வீட்டுக்கே அவர் கடன் கட்டினால் அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். வயதான தாய் தந்தையரைக் காப்பதும் அதே பிரிவு விதிக்கும் கடமை. தாய் நன்றாகச் சம்பாதித்தால் படிப்புச் செலவை இருவரும் பகிரலாம் என்று 2020 இல் உச்ச நீதி மன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் தையல் மெஷின் மிதித்து நாலாயிரம் சம்பாதிக்கிறாள் என்பதைக் காட்டித் தகப்பன் தப்பிக்கப் பார்ப்பதை நாம் ஒப்ப மாட்டோம்.

அந்த 2020 நவம்பர் தீர்ப்பு ஒரு நல்ல காரியம் செய்தது. இரு தரப்பாரும் சொத்து, வருமானம், கடன், செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும்; ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். விவசாயக் குடும்பத்தாருக்கென்று தனிப் படிவமே வகுத்தது. படிவம் நீளமானது. ஆங்கிலத்தில் இருக்கும் அதைச் சின்ன ஊரிலிருந்து வரும் பெண் எப்படி நிரப்புவாள்?

கடன்காரன் ஒருவன் டிக்ரி வாங்கினால், சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம். ஜீவனாம்ச டிக்ரி என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு. கடன்காரனைவிடப் பிள்ளையின் உரிமை பெரிது என்று வசூல் சட்டம் ஒப்புக் கொண்டிருக்கும் போது, தொகையைத் தீர்மானிக்கும் இடத்தில் மட்டும் சொசைட்டிக் கடன் முதலில், பிள்ளை பிறகு என்பது எந்த ஊர் நியாயம்?

நாம் கேட்பது பெரிதல்ல. எது வருமானம், எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்பதை 144 ஆவது பிரிவிலேயே எழுதட்டும். பிரமாணப் பத்திரம் தமிழில் அச்சாகி, நிரப்பித் தர ஆளோடு, ஒவ்வொரு குடும்ப நீதி மன்றத்திலும் கிடைக்கட்டும். இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடுமான வரை நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 2001 திருத்தம் சொன்னது. பத்திரம் தாக்கல் செய்யாமல் இழுத்தடிப்பவருக்கு அறுபதாவது நாளன்று, எதிர்த் தரப்பு காட்டிய வருமானத்தையே வைத்து உத்தரவு போடட்டும். கணக்கைக் கொண்டு வரும் வேலையை அவரே பார்த்துக் கொள்வார்.