'டிடெக்ட் ஆகல'ன்னு சொல்ற மகராசன்களுக்கு

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் சூடான பதிவு. ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு இருக்கிறவங்க சாயந்திரம் வந்து படிங்க.

வள்ளூர்ல நம்ம நண்பர் ஒருத்தர் எடைமேடை வெச்சிருக்கார். எண்ணூர் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் போற வர்ற லாரிங்க ஏறி நின்னு, எடை போட்டு, சீட்டு வாங்கிட்டுப் போகும். சீட்டு மூணு பிரதி, கார்பன் வெச்சது. அதுக்காகத்தான் இன்னமும் அந்தப் பழைய ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். பொட்டியும் பழசு, டெபியன் லினக்ஸ் ஓடுது. (போட்டுக் கொடுத்த புண்ணியவான் அடியேன்தான்.)

போன மாசம் ஒரு ராத்திரி முழுக்க கரண்ட் இல்ல. காலைல பிரிண்டர் அசையல. வாசல்ல லாரி வரிசை, டிரைவர்ங்க கத்தல். வந்த சர்வீஸ் ஆள் ஒரு பார்வை பார்த்துட்டு, "லினக்ஸ்ல டிடெக்ட் ஆகல சார். பேரலல் போர்ட்டெல்லாம் செத்துப்போச்சு, லேசர் வாங்கிடுங்க"ன்னு கொட்டேஷனே எழுதிக் கொடுத்துட்டார். லேசர்ல கார்பன் பிரதி எப்படிய்யா வரும்? ஊசி குத்தினாத்தானே அடித்தாளுக்கு எழுத்து இறங்கும்!

சரி, அவராவது விக்கிறதுக்காகச் சொன்னார். நம்ம லினக்ஸ் கோஷ்டி என்ன சொல்லுச்சு தெரியுமா? "புது உபுண்டு போட்டுடுங்க பாஸ்." எரிச்சல் அங்கதான் ஏறுச்சு.

யுஎஸ்பி சாமானைச் செருகினா தானே பேர், ஊர் எல்லாம் சொல்லும். பேரலல் போர்ட் 1970-ல சென்ட்ரானிக்ஸ் பிரிண்டரோட வந்த சங்கதி. எட்டு கம்பியில எட்டு பிட், 'எடுத்துக்கோ'ன்னு தட்ட ஒரு கம்பி, 'இரு, வேலையா இருக்கேன்'னு பிரிண்டர் சொல்ல ஒரு கம்பி. அவ்வளவுதான் பேச்சு. சாதனம் தன் பேரைச் சொல்ற ஏற்பாடு 1994-ல வந்த ஐஇஇஇ 1284 தரத்துலதான் முறைப்படி வந்துச்சு. அதுக்கு முந்தின பிரிண்டர்கிட்ட பேர் கேட்டா முழிக்கும். ஆக, லிஸ்ட்ல பேர் வரலைன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. பேர் சொல்லத் தெரியாத ஆளை 'ஆளே இல்ல'ங்கறது என்ன நியாயம்?

பார்க்க வேண்டியது பிரிண்டரையே இல்ல, போர்ட்டை. கெர்னல் பூட் ஆகும்போது சொன்னதை டிமெஸ்ஜில படிச்சேன். 'பார்போர்ட்0', முகவரி 378 ஹெக்ஸ்னு ஒரு வரி இருக்கணும். இல்ல. பார்போர்ட்_பிசி மாட்யூலைக் கையால ஏத்தினேன். ஏறுது, ஆனா போர்ட் கிடைக்கல. அப்பத்தான் ஸ்கிரீன் மூலையில தேதி கண்ணுல பட்டுச்சு: 2009!

புரிஞ்சிருக்குமே. மதர்போர்டு பேட்டரி காலி. கரண்ட் போனதும் பயாஸ் எல்லாத்தையும் மறந்துட்டு, பேரலல் போர்ட்டையும் மூடி வெச்சிருச்சு. பேட்டரி மாத்தி, போர்ட்டைத் திறந்து, எல்பி0-க்கு நேரா ஒரு வரி அனுப்பினேன். க்ர்ர்ர்ர்! இதுக்கு எந்த உபுண்டுவும் உதவியிருக்காது.

டிரைவ் விஷயம் இன்னும் மோசம். நண்பரோட பழைய கணக்கெல்லாம் பேரலல் போர்ட்ல மாட்டற ஐயோமெகா ஜிப் டிரைவ் டிஸ்க்ல கிடக்கு. அதையும் 'டிடெக்ட் ஆகல'ன்னு தூக்கிப் போட இருந்தாங்க. பழைய மாடலுக்கு பிபிஏ, பின்னாடி வந்ததுக்கு ஐஎம்எம்னு ரெண்டு மாட்யூல். ஒண்ணு ஒத்துக்கலைன்னா இன்னொண்ணு. ஆனா மாட்யூல் ஏத்தற நேரத்துல டிரைவ் ஆன்ல இருக்கணும். அப்புறமா ஆன் பண்ணினா திரும்பிக்கூடப் பார்க்காது, இறக்கிட்டுத் திரும்ப ஏத்தணும். இன்னொரு கூத்து, ஜிப் டிஸ்க்ல பார்ட்டிஷன் வழக்கமா நாலாவதா இருக்கும். ஒண்ணாவதைத் தேடிட்டு "டிஸ்க் காலி, ஃபார்மேட் பண்ணிடலாம்"னு ஒரு அறிவாளி கிளம்பினார். கையைப் பிடிச்சு நிறுத்தினேன்.

யுஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கலாமேன்னு கேப்பீங்க. பிரிண்டருக்கு ஓகே. ஜிப் டிரைவுக்கு அது ஆகாது, ஏன்னா அந்த கேபிள் பிரிண்டர் பாஷை மட்டும்தான் பேசும்.

அந்த லேசர் கொட்டேஷன் வீணாகல. அது பின்னாடி பயாஸ்ல எந்த மெனு, எந்த வரின்னு எழுதி பிரிண்டர் மேல ஒட்டியாச்சு.