மருந்தின் பெயரைக் கேளுங்கோ

அன்புள்ள எங்கள் ஊரவர்களுக்கு,

சின்னம்மா குளியலறையில் விழுந்துவிட்டா என்று கேட்டுத்தான் ஓடிவந்தேன். நல்லகாலம், இடுப்பெலும்பு தப்பியது. ஆனால், அவவின் மருந்துப் பையைப் பாயில் கொட்டிப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

ஆசுபத்திரிக் கிளினிக்கில் கொடுத்த பிறஷர் குளிசை ஒன்று. பின்னேரம் காசு கட்டி சனல் பண்ணிய டொக்டர் எழுதியது இன்னொன்று. நிறம் வேறு, கம்பனி வேறு, பெயர் வேறு. உள்ளே இருந்த மருந்தோ இரண்டிலும் லொசாட்டான். இரண்டையும் விழுங்கினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? பாமசியில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சின்ன உறையில் போட்டதில் மருந்தின் பெயர் பாதியோடு போயிருந்தது. கடைக்கே போய் முழு அட்டையைக் காட்டச் சொல்லித்தான் கண்டுபிடித்தேன். கிளினிக் கொப்பியைக் காட்டினால் டொக்டர் கோபிப்பார் என்று சின்னம்மா அதை வீட்டில் வைத்துவிட்டுத் தனியார் டொக்டரிடம் போயிருக்கிறா. வயசுபோன மனிசிக்கு அந்தப் பயத்தை யார் பழக்கினது?

நான் லண்டனில் மருந்தகத்தில் வேலை செய்கிறவள். அங்கே ஒவ்வொருவரும் ஒரு குடும்ப வைத்தியரிடம் பதிந்திருப்பார்கள். விசேட வைத்தியரிடம் பெரும்பாலும் அவர்தான் எழுதி அனுப்புவார். பார்த்த விபரம் கடிதமாக அவருக்கே திரும்பி வரும். சீட்டில் அநேகமாகக் கம்பனி வைத்த பெயரல்ல, மருந்தின் பொதுப்பெயர்தான் இருக்கும். ஒரே மருந்து இரண்டு தரம் வந்தால் உடனே தொலைபேசியை எடுப்பேன். வைத்தியர் நன்றி சொல்லித் திருத்துவார். 2012 கடைசியிலிருந்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வைத்தியர்களும் தங்கள் தகுதியை உறுதிப்படுத்தியே ஆகவேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கிறார்கள், அது உண்மை. என்றாலும் இந்த ஒழுங்கில் நானும் ஒருத்தி என்பதில் எனக்குப் பெருமைதான்.

லண்டன்காரி படிப்பிக்க வந்திட்டா என்பீர்கள். இது லண்டன் சரக்கே இல்லை. 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமாயிருந்து, மருந்தைப் பொதுப்பெயரில் எழுதச் சொல்லிப் போராடியவர் எங்கள் இலங்கைப் பேராசிரியர் சேனக பிபிலே. 2015இல் தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டம் வந்தபோதும் அவர் பெயரைத்தான் எல்லாரும் சொன்னார்கள். அப்படிப்பட்ட நாட்டில், தான் விழுங்குவது என்னவென்று தெரியாமல் சின்னம்மா விழுந்து கிடந்தா.

இலவசமாகப் படிப்பித்துவிட்ட ஊரை விட்டுப் போனவள் நான். 2022 பொருளாதார நெருக்கடியோடு எத்தனையோ வைத்தியர்களும் வெளிக்கிட்டார்கள். மிஞ்சி நிற்பவர்கள் கிளினிக் வரிசையில் மூச்சு விடாமல் பார்க்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அதனால் உங்களிடம்தான் கேட்கிறேன். கிளினிக் கொப்பியைத் தனியார் டொக்டரிடமும் கொண்டுபோங்கோ. உறையில் மருந்தின் பெயரை எழுதி வாங்காமல் பாமசிப் படியை விட்டு இறங்காதேங்கோ. வாசிகசாலைப் பெடியள் வயசுபோனவர்களின் மருந்துப் பைகளை ஒருக்கால் பார்த்து, பெயர்களைக் கொப்பியில் எழுதிக் கொடுக்க மாட்டார்களா? சந்தேகமான பெயரைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கோ, எந்தச் சாமமென்றாலும் பார்ப்பேன். டொக்டரைக் கேட்காமல் மட்டும் ஒருவரும் குளிசையை நிறுத்த வேண்டாம்.

உங்கள் பிள்ளை