பாடநூலில் அனிமே: பெயர் உண்டு, மொழி இல்லை

ஜப்பானிய மொழி வகுப்பில் சேரும் நம் இளைஞர்கள் பலரை அங்கே இழுத்து வந்தவை அனிமேயும் மங்காவும். சேர்ந்தபின் அவர்கள் கேட்கும் முதல் எச்சரிக்கை, ‘அனிமேயில் பேசுவதுபோல் பேசாதீர்கள்’ என்பது. ஆர்வத்தைத் தூண்டிலாக்கி ஆளைச் சேர்த்துவிட்டு, அதே ஆர்வத்தைக் குற்றமாக்கும் இவ்வழக்கத்துக்கு ஆசிரியரைவிடப் பாடநூலே பெரிதும் பொறுப்பு என்பது என் வாதம்.

இந்திய வகுப்புகளில் பரவலாகப் பயன்படும் ‘மின்னா நோ நிஹோங்கோ’ 1998இல் முதலில் வெளிவந்தது. அமெரிக்க ஊழியர் மில்லர், பிரேசிலியரான சந்தோஸ், இந்தோனேசிய மாணவி கரினா, இந்தியரான குப்தா முதலியோர் அதன் மாந்தர். 9ஆம் பாடத்தில் செவ்வியல் இசை, ஜாஸ், கபுகி, கரோகே ஆகியவை ஒரே சொற்பட்டியலில் வருகின்றன. ‘பிடிக்கும்’, ‘புரியும்’ என்னும் வினைகளுக்கு முன்னால் பொருத்திப் பழகுவதற்கான பெயர்ச்சொற்களாகவே அவை பயன்படுகின்றன. வெகுசனப் பண்பாடு அங்கே ஒரு பொழுதுபோக்கின் பெயர். அதற்கென்று ஒரு மொழி உண்டு என்ற குறிப்பே இல்லை.

நண்பர்கள் தமக்குள் பேசும் மரியாதை விகுதியற்ற வடிவம் 20ஆம் பாடத்தில்தான் தலைகாட்டுகிறது. ‘ஓடு’, ‘தோற்காதே’ போன்ற ஏவல் வடிவங்களுக்கு இரண்டாம் பாகத்தின் 33ஆம் பாடம் வரை காத்திருக்க வேண்டும். மங்காவின் முதற்பக்கத்திலேயே இவ்விரண்டும் வந்துவிடுகின்றன. ஆகவே, பல மாதம் கட்டணம் கட்டிப் படித்தவர் ‘எனக்கு மங்கா பிடிக்கும்’ என்று பணிவாகச் சொல்வார். ஆனால் ஒரு பக்கத்தையும் அவரால் தடையின்றிப் படிக்க முடியாது.

இதில் மொழியியலாளர் வியப்பதற்கு ஒன்று உண்டு. புனைவு மாந்தர் இன்னார் என்று காட்டுவதற்காகவே அமைந்த பேச்சு வகைக்கு, கின்சுயி சதோஷி என்னும் ஜப்பானிய மொழியியலாளர் 2000ஆம் ஆண்டிலேயே ‘யகுவரிகோ’ என்று பெயரிட்டார். தமிழில் அதைப் பாத்திர மொழி எனலாம். ‘டோரேமான்’ கதையில் நொபிதா தன்னைப் ‘பொகு’ என்கிறான்; முரடன் ஜியான் ‘ஒரெ’ என்கிறான்; ஷிசுகா ‘வதாஷி’ என்கிறாள். தமிழில் மூன்றுமே ‘நான்’. கதைகளின் கிழவர் ‘வஷி’ என்று தொடங்கி ‘ஜா’ என்று முடிப்பார். உண்மையான ஜப்பானிய முதியவர் பெரும்பாலோர் அவ்வாறு பேசுவதில்லை.

கரமனையில் வாழும் தமிழருக்கு இது புதிதன்று. மலையாளத் திரைப்படத்தின் ‘பட்டர்’ பேசும் கலப்புத் தமிழை எங்கள் அக்கிரகாரத் தெருக்களில் கேட்க இயலாது. தமிழ்த் திரைப்படத்தின் தேநீர்க்கடை நாயர் பேசும் தமிழும் இந்நகரத்தின் எந்தக் கடையிலும் ஒலிப்பதில்லை. அவை எவருடைய பேச்சும் அல்ல. ஆயினும் கேட்ட கணத்திலேயே ஆளை அடையாளம் காட்டிவிடுகின்றன. இவ்வறிவு இயல்பாகவே கைவரப்பெற்ற மாணவரிடம், ‘அது கெட்ட ஜப்பானிய மொழி’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது கற்பித்தலாகாது. மேலும், எந்நேரமும் பணிவு வழுவாத மில்லரின் பேச்சும் ஒரு பாத்திர மொழியே: நல்லொழுக்கமுள்ள அயல்நாட்டவர் என்னும் பாத்திரத்துக்குரியது.

‘மேலாளரிடம் ஒரெ என்று பேசினால் வேலை போய்விடாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். எனினும், ஒரு வடிவத்தைப் புரிந்துகொள்வது வேறு, அதை எடுத்தாள்வது வேறு. எங்கே சொல்லக்கூடாது என்று அறிவதற்கும் முதலில் அது இன்னதென்று அறிந்திருக்க வேண்டும். இது இயலாத காரியமும் அன்று. ஜப்பான் அறக்கட்டளையின் கன்சாய் நிலையம் 2010இல் அனிமே, மங்கா வழி மொழி கற்பிக்கும் இணையதளம் ஒன்றைத் தொடங்கி, சாமுராய், கிழவர், பணியாள், பள்ளி மாணவி என மாந்தர்வாரியாகப் பேச்சை வகுத்துக் காட்டியது. அம்முயற்சி பாடநூலுக்கு வெளியே, விருப்பமுள்ளோர் தேடிப் போகும் துணைப்பொருளாகவே நின்றுவிட்டதுதான் குறை.

இன்று இது பொழுதுபோக்குப் பிரச்சினை மட்டுமன்று. திறன் பணியாளரை அனுப்புவதற்கு இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் உடன்பாடு செய்துகொண்டன. முதியோர் பராமரிப்பு அதில் அடங்கும் துறைகளுள் ஒன்று. அங்கே செல்லும் நம் பெண்ணிடம் எண்பது வயது முதியவர் மில்லரைப்போலப் பேசப்போவதில்லை. விகுதிகளை விழுங்கி, வட்டார வழக்கில் பேசுவார். ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது என்பதால், இக்குறை சான்றிதழில் தெரியாது, பணியிடத்தில்தான் தெரியும்.

புதிய பாடநூல் வரும்வரை நம் ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வாரம் பத்து நிமிடம், ஒரு மங்காப் பக்கம், மூன்று வினாக்கள்: இங்கே ‘நான்’ என்பதற்கு எந்தச் சொல்? யாரிடம் சொல்லப்படுகிறது? இதை அலுவலகத்தில் சொல்லலாமா? இவ்வளவு போதும், தொடங்குவதற்கு. மாறுபட்ட கருத்துடைய ஆசிரியர்கள் தங்கள் வகுப்பு அனுபவத்தோடு மறுப்பெழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.